மூட்டழற்சி உள்ளவர்களின் நகங்களில் குழியும் நிறமாற்றமும்: யாரிடம் காட்டுவது?

காட்பாடி ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 47. காட்பாடிக்கு அருகில் ஒரு பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். இரண்டு ஆண்டுகளாகக் கைவிரல்களின் நுனி மூட்டுகளிலும் வலது குதிகாலிலும் வீக்கமும் வலியும் இருந்துவருகின்றன. காலையில் எழுந்ததும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் விரல்களை மடக்க முடிவதில்லை. மாவு பிசைவதும் சாக்பீஸைப் பிடித்து எழுதுவதும் அதற்குப் பிறகுதான். முடக்கு வாதம் என்று சொல்லி வலி மாத்திரைகளும் அவ்வப்போது ஊசியும் தந்தார்கள். முடக்கு வாதத்துக்காகப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற இரத்தப் பரிசோதனையை இரண்டு முறை செய்தும் நெகட்டிவ் என்றே வந்தது.

நான் கேட்க வந்தது நகத்தைப் பற்றி. மூட்டு வலி தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பே வலது கை ஆள்காட்டி விரல் நகத்தில் குண்டூசியால் குத்தியதுபோலச் சிறு குழிகள் தோன்றின. பிறகு நடுவிரலிலும் மோதிர விரலிலும், நகத்துக்கு அடியில் ஒரு துளி எண்ணெய் சிந்தி ஊறியதுபோல மஞ்சளும் பழுப்பும் கலந்த திட்டு வந்தது. இப்போது அந்த இரண்டு நகங்களும் நுனியிலிருந்து பாதி வரை சதையை விட்டுத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. நகச்சொத்தை என்று சொல்லி, எந்தப் பரிசோதனையும் செய்யாமல், ஒரு மருத்துவர் பூஞ்சைக்கான மாத்திரையை எட்டு மாதங்கள் கொடுத்தார். ஒரு மாற்றமும் இல்லை.

வகுப்பில் பிள்ளைகள் என் விரல்களைப் பார்ப்பதைத் தாங்க முடியாமல் மாதம் இருமுறை மருதாணி இட்டு மறைத்துவந்திருக்கிறேன். மூட்டுக்குப் பார்க்கும் மருத்துவரிடம் நகத்தைக் காட்டியதே இல்லை. அடுத்த மாதம் வேலூரில் மூட்டு நோய்ச் சிறப்பு மருத்துவர் ஒருவரைப் பார்க்க நாள் கிடைத்திருக்கிறது. அவரிடம் நகத்தைப் பற்றிச் சொல்வது பொருத்தமா, அல்லது அதற்குத் தனியாகத் தோல் மருத்துவரிடம் போக வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

குடியாத்தம் தறிக்காரர் எழுதியது:

அம்மா, கட்டாயம் சொல்லுங்கள், முதல் ஐந்து நிமிடங்களுக்குள் சொல்லுங்கள். நீங்கள் விவரித்திருப்பது எழுத்துக்கு எழுத்து என் கைதான். நான் குடியாத்தத்தில் லுங்கி நெய்பவன். 2016இல் எனக்கு இடது கால் இரண்டாம் விரல் முழுவதும் ஒரு சிறு வாழைப்பூ மடல்போல வீங்கிச் சிவந்தது. யூரிக் அமிலம் என்றார்கள், கறியையும் பருப்பையும் நிறுத்தச் சொன்னார்கள். ஒரு வருடம் நிறுத்தினேன். விரல் வீக்கம் போகவில்லை. நகங்களில் குழி இருந்ததை நான் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. தறியில் நூல் முடிந்து முடிந்து வந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் என்னைச் சரியாகக் கண்டுபிடித்த மருத்துவர் என் மூட்டுகளைத் தொடுவதற்கு முன்பு இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைக்கச் சொல்லி, சன்னல் வெளிச்சத்தில் நகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அடுத்ததாகக் காதுக்குப் பின்னாலும், தலைமுடி தொடங்கும் இடத்திலும், தொப்புளிலும் பார்த்தார். தொப்புளில் எனக்கே தெரியாத ஒரு சிவந்த செதில் திட்டு இருந்தது. சொரியாசிஸ் மூட்டழற்சி, அதாவது காளாஞ்சகப்படை என்ற செதில் உதிரும் தோல் நோயோடு தொடர்புடைய மூட்டு நோய் என்றார். என் அப்பாவுக்கும் முழங்கையில் காளாஞ்சகப்படை இருந்தது. அதற்கும் என் கால்விரலுக்கும் தொடர்பு உண்டென்று எங்கள் வீட்டில் யாரும் கனவிலும் நினைக்கவில்லை.

உங்கள் குடும்பத்தில் யாருக்காவது தோலில் செதில் உதிரும் நோய் இருந்ததா என்று விசாரித்துக்கொண்டு போங்கள். அது முக்கியம்.

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

வேலூரிலும் பிறகு அடுக்கம்பாறையிலும் தோல் நோய்ப் பிரிவுகளில் நெடுங்காலம் பணியாற்றியவள் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. நோயை உறுதி செய்வது உங்களை நேரில் பார்ப்பவரின் வேலை. ஆனால் நகத்தை மறைத்துக்கொண்டு மூட்டு மருத்துவரிடம் போகும் பெண்களை நான் எண்ணற்ற முறை பார்த்து வருந்தியிருக்கிறேன் என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

நகத்தையும் விரலின் நுனி மூட்டையும் நாம் தனித்தனிப் பொருள்களாக நினைக்கிறோம். உடலுக்குள் அவை ஒட்டிக் குடியிருக்கின்றன. விரலை நீட்டும் தசைநாண், நுனி எலும்பில் வந்து பற்றிக்கொள்ளும் இடத்துக்கும் நகம் முளைக்கும் வேருக்கும் இடையே சில மில்லிமீட்டர் தொலைவுதான் உண்டு. அந்தத் தசைநாணின் மெல்லிய இழைகள் நகவேரைச் சூழ்ந்து பரவியும் இருக்கின்றன. சொரியாசிஸ் மூட்டழற்சியில் அழற்சி பெரும்பாலும் தொடங்குவது இப்படித் தசைநாண் எலும்பைப் பற்றும் இடங்களில்தான். உங்கள் குதிகால் வலியும் அந்த வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம், ஏனெனில் குதிநாண் எலும்பைப் பற்றும் இடம் அது. விரல் நுனியில் அந்த அழற்சி நகவேரையும் நகப்படுகையையும் தொட்டால் நகம் கெடுகிறது. தோல் சொரியாசிஸ் மட்டும் உள்ளவர்களைவிட, மூட்டும் சேர்ந்து பாதிக்கப்பட்டவர்களிடம் நக மாற்றம் மிக அதிகமாகக் காணப்படுவதற்கு இதுவே முக்கியக் காரணம். அவர்களில் 100க்கு 80 பேர் வரை ஏதோ ஒரு வகையில் நகம் மாறியிருக்கும்.

எந்த மாற்றம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்திருப்பது நல்லது. குழிகள் நகவேரிலிருந்து வருகின்றன: வேரில் ஒழுங்காக முற்றாத செல்கள் நகத்தகட்டின் மேற்புறத்தில் கொத்துக் கொத்தாகச் சேர்ந்து, நகம் வளர்ந்து வெளியே வந்ததும் உதிர்ந்துவிட, அந்த இடம் பள்ளமாகிறது. எண்ணெய்த் துளி போன்ற திட்டு வேரிலிருந்து வருவதில்லை; அது நகத்துக்கு அடியில் உள்ள சதைப் படுகையில் வந்திருக்கும் சொரியாசிஸ் திட்டுதான், கண்ணாடி வழியாகத் தெரிவதுபோல நகத்தின் வழியாகத் தெரிகிறது. நகம் தூக்கிக்கொள்ளும்போது, தூக்கிய பகுதிக்கும் ஒட்டியிருக்கும் பகுதிக்கும் நடுவே ஒரு சிவந்த அல்லது பழுப்பு நிறக் கரை இருக்கும். அந்தக் கரை இருந்தால் சொரியாசிஸ் என்ற எண்ணம் எங்களுக்கு வலுப்படும். வெறும் பூஞ்சையில் அது பெரும்பாலும் இருப்பதில்லை. நமது தோல் நிறத்தில் அந்தச் சிவப்பு மங்கலாகத்தான் தெரியும் என்பதால் நல்ல வெளிச்சத்தில் தேட வேண்டும்.

2006இல் சொரியாசிஸ் மூட்டழற்சியை வகைப்படுத்த காஸ்பர் என்ற அளவுகோல் வெளிவந்தது. மூட்டிலோ முதுகெலும்பிலோ தசைநாண் பற்றும் இடத்திலோ அழற்சி உள்ள ஒருவருக்கு அதில் மூன்று புள்ளிகள் சேர்ந்தால் அந்த வகையில் வைக்கலாம். இப்போது தோலில் சொரியாசிஸ் இருந்தால் இரண்டு புள்ளி, இப்போது இல்லாமல் முன்பு இருந்திருந்தாலோ நெருங்கிய இரத்த உறவில் யாருக்காவது இருந்தாலோ ஒரு புள்ளி, நகத்தில் சொரியாசிஸ் மாற்றம் இருந்தால் ஒரு புள்ளி, ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவாக இருந்தால் ஒரு புள்ளி. விரல் முழுவதும் வீங்கியிருந்தால் ஒரு புள்ளி. எக்ஸ்ரேயில் மூட்டருகே புது எலும்பு வளர்ந்திருந்தால் ஒரு புள்ளி. இது ஆராய்ச்சிக்காக வகுத்தது, வீட்டில் கூட்டிப் பார்த்து நோயை முடிவு செய்வதற்காக அன்று. இருந்தாலும் நகத்துக்கென்று அதில் தனியாக ஒரு புள்ளி கொடுத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். நீங்கள் மருதாணியால் மறைத்துவந்தது அந்தப் புள்ளியைத்தான்.

போகும் நாளுக்குள் மருதாணிக் கறை மறையாது. நகத்தில் பிடித்த மருதாணி நகம் வளர்ந்தால்தான் போகும். ஆகவே இன்றே நிறுத்துங்கள். மருதாணிக்கு முன் எடுத்த புகைப்படங்கள் கைப்பேசியில் இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். முந்தைய நாள் நகங்களை ஒட்ட வெட்டிவிடாதீர்கள். பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க, தூக்கிய நகத்தின் உட்பகுதியிலிருந்து துண்டும் துகளும் எடுக்க வேண்டியிருக்கும். சொரியாசிஸும் பூஞ்சையும் ஒரே நகத்தில் சேர்ந்து இருப்பதும் உண்டு, ஆகையால் பரிசோதனை இல்லாமல் பூஞ்சை என்றோ பூஞ்சை இல்லை என்றோ யாரும் சொல்லக்கூடாது. எட்டு மாதம் சாப்பிட்ட மாத்திரையின் பெயரையும் எழுதிக்கொண்டு போங்கள். பூஞ்சை மாத்திரைகள் கல்லீரலைப் பாதிக்கலாம். மூட்டுக்குத் தரப்படும் சில மருந்துகளும் அப்படியே.

பேரணாம்பட்டு வாசி எழுதியது:

செவிலி அம்மாவுக்கு ஒரு கேள்வி. நான் டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், குரோம் இரசாயனம் ஊறிய ‘வெட் புளூ’ எனப்படும் ஈரத் தோல்களைக் கையாளும் பிரிவில் பதினான்கு ஆண்டுகள் வேலை செய்தேன். இப்போது மேற்பார்வை வேலை. எனக்கு முழங்காலிலும் மணிக்கட்டிலும் வீக்கம் இருக்கிறது. நகங்கள் பழுப்பாகவும் சொரசொரப்பாகவும் இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் டேனரியில் வேலை செய்தவன் நகம் அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். மருத்துவரும் என் வேலையைக் கேட்டதும் நகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். எது வேலையால் வந்தது, எது நோயால் வந்தது என்று பிரித்துப் பார்க்க வழி உண்டா?

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

ஐயா, உங்கள் கேள்வி நம் பகுதிக்கே உரிய கேள்வி. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று எங்கிருந்து வந்தாலும் வேலையைக் கேட்டதும் எல்லாவற்றையும் அதன் தலையில் போட்டுவிடும் பழக்கம் எங்களிடமும் இருந்தது.

வெளியிலிருந்து பிடித்த கறை நகத்தின் மேற்பரப்பில் இருக்கும். பிளேடின் ஓரத்தால் மெல்லச் சுரண்டினால் சிறிதாவது குறையும். அந்த வேலையை விட்டு ஆறு மாதம் ஆகியிருந்தால் கைநகத்தில் கறை முழுவதும் வளர்ந்து வெளியேறியிருக்க வேண்டும், ஏனெனில் கைநகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளர்கிறது. இன்னொரு அடையாளம் உண்டு. வெளிக்கறையின் அடிப்பக்கக் கரை, நகத்தை மூடியிருக்கும் தோல் மடிப்பின் வளைவை அப்படியே பின்பற்றும், ஏனெனில் அந்த மடிப்புக்குள் கறை நுழைவதில்லை. உள்ளிருந்து வரும் நிறமாற்றத்தின் கரை வெள்ளை நகப் பிறையின் வளைவைப் பின்பற்றும். மேலும் வேலையால் வந்தது வேலை செய்யும் விரல்களில்தான் அதிகமாக இருக்கும். கால் நகங்களிலும் அதே மாற்றம் இருந்தால் வேலையின் மேல் பழி போடுவது கடினம்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. நாள் முழுவதும் ஈரத்திலும் இரசாயனத்திலும் இருக்கும் கை, நகத்தில் திரும்பத் திரும்பப் படும் சிறு அடி, இவையெல்லாம் உள்ளே இருக்கும் சொரியாசிஸைத் தூண்டி அதே இடத்தில் வெளிக்கொண்டுவரும். ஆகவே வேலையா நோயா என்பது எப்போதும் இரண்டில் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பீடி சுற்றும் பெண்கள் நுனியை மடக்கிச் செருகும் விரலில் நகம் முதலில் தூக்கிக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். நகத்தை ஒட்ட இல்லாமல் குட்டையாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பருத்திக் கையுறை, மேலே ரப்பர் கையுறை அணியுங்கள். தூக்கிய நகத்துக்கு அடியில் ஊக்கையோ குச்சியையோ விட்டுச் சுத்தம் செய்யாதீர்கள்.

உங்கள் கால் நகங்கள் எப்படி இருக்கின்றன என்று எழுதுங்கள்.

ஆரணி மகள் எழுதியது:

எனக்கு 34 வயது. ஆன்டி சி.சி.பி. என்ற இரத்தப் பரிசோதனை பாசிட்டிவாக வந்து, முடக்கு வாதம் என்பது உறுதியாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஹைட்ராக்சிகுளோரோகுயினும் மெத்தோட்ரெக்சேட்டும் எடுக்கிறேன். இந்த ஆறு மாதங்களாக நகங்களின் அடியில் நீலமும் சாம்பலும் கலந்த நிழல் படிந்திருக்கிறது. நீளவாக்கில் மேடும் பள்ளமுமாகக் கோடுகளும் இருக்கின்றன. என் மாமியார், மாத்திரையின் நஞ்சு நகத்தில் ஏறிவிட்டது, நிறுத்திவிடு என்கிறார். எனக்கும் பயமாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

மகளே, மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயின் சிலருக்கு நகப்படுகையிலும், ஈறிலும், முழங்காலுக்குக் கீழே முன்புறத்திலும் நீலச் சாம்பல் நிறத்தை உண்டாக்கும் என்பது அறியப்பட்ட விஷயம். பார்ப்பதற்குக் கவலையாக இருக்குமே தவிர நகத்துக்கு அதனால் கேடில்லை. மருத்துவரிடம் காட்டுங்கள், அந்த மருந்தை எடுப்பவர்கள் செய்துகொள்ள வேண்டிய விழித்திரைப் பரிசோதனையை நீங்கள் செய்துகொண்டீர்களா என்பதையும் அதே வருகையில் கேளுங்கள். நகத்தைவிடக் கண் முக்கியம். நீளக் கோடுகள் முடக்கு வாதத்தில் அடிக்கடி காணப்படுபவை. வயது ஏறினால் நோய் இல்லாதவர்களுக்கும் வரும்.

ஆனால் முடக்கு வாதம் உள்ளவர்கள் நகத்தில் பார்த்து அஞ்ச வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. நகத்தைச் சுற்றியுள்ள தோல் மடிப்பிலும் விரல் நுனியிலும் கருகிய கடுகளவு புள்ளிகள் வந்தால் அவை சிறு இரத்தக் குழாய்கள் அழற்சியால் அடைபட்டதன் அடையாளமாக இருக்கலாம். அவற்றோடு காலில் ஆறாத புண்ணோ, பாதம் திடீரெனத் தொங்கிப்போவதோ, விரல் மரத்துப்போவதோ சேர்ந்தால் அடுத்த தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்றொன்று, நகங்கள் கிளி மூக்குபோல வளைந்து விரல் நுனி உருண்டு பருப்பது. இரண்டு கைகளின் ஆள்காட்டி விரல் நகங்களையும் முதுகோடு முதுகாக ஒட்டிப் பிடித்தால் நடுவே சிறிய வைர வடிவ இடைவெளி தெரிய வேண்டும். அது மறைந்துவிட்டது, கூடவே வறட்டு இருமலோ மாடி ஏறினால் மூச்சிரைப்போ இருக்கிறது என்றால் நுரையீரலைப் பார்க்கச் சொல்லுங்கள். முடக்கு வாதம் நுரையீரலையும் தொடும்.

வாலாஜா முதியவர் எழுதியது:

இந்த இழையைப் படித்ததும் என் தாயாரின் நினைவு வந்தது. அவருக்கு விரல்கள் கோணி, நகங்கள் தடித்து மஞ்சளாகிச் சிதைந்திருந்தன. அது 1970களின் தொடக்கம். தொழுநோய் என்று அஞ்சி, எங்கள் தந்தை அவரை எந்தக் கல்யாணத்துக்கும் அழைத்துப் போகவில்லை. கசிகிரியா கரிகிரியா என்று ஊர்ப் பெயர்கூடச் சரியாகத் தெரியாமல் விசாரித்துக்கொண்டு என் மாமா ஒருவர்தான் அவரைக் கரிகிரி மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அங்கே பஞ்சால் தொட்டும் ஊசி முனையால் தொட்டும் உணர்ச்சியைப் பார்த்துவிட்டு, இது தொழுநோய் இல்லை, மூட்டு நோய் என்று சொல்லி அனுப்பினார்கள். வீடு திரும்பிய அன்று அம்மா முற்றத்தில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார். ஆனால் மூட்டு நோய்க்கென்று அதன் பிறகு யாரும் அவரை எங்கும் அழைத்துப் போகவில்லை. தொழுநோய் இல்லை என்றதே போதும் என்று நினைத்துவிட்டோம். அவர் 1988இல் இறக்கும்வரை தன் கையால் சோறு பிசைந்து உண்ண முடியவில்லை. என் மனத்தில் அது இன்றும் ஆறாமல் இருக்கிறது.

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

ஐயா, உங்கள் தாயாரைப் போன்ற எத்தனையோ பேரை இந்த மண் பார்த்திருக்கிறது. கரிகிரி நிறுவனம் 1955இல் தொழுநோய்க்காகவே தொடங்கப்பட்டது. அதற்கும் முன்பு, 1940களின் இறுதியில், டாக்டர் பால் பிராண்ட் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தத் தொடங்கினார். கோணிய விரலைக் கண்டதும் நம் மாவட்டத்து மக்களுக்கு அந்த நோயே முதலில் நினைவுக்கு வருவதில் வியப்பில்லை.

ஒரு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். தொழுநோயும் சில நேரங்களில், அதன் எதிர்வினைக் கட்டத்தில், கைகளை வீங்க வைத்து மூட்டழற்சி போலவே தோன்றும். ஆகவே உணர்ச்சி குறைந்த வெளிர் திட்டு, சூடு பட்டும் தெரியாத விரல், முழங்கையின் உட்புறத்தில் கயிறுபோலத் தடித்த நரம்பு ஆகியவை இருந்தால் அவற்றைச் சொல்ல வெட்கப்படக்கூடாது. இன்று அது மாத்திரையால் முழுமையாகக் குணமாகும் நோய்.

திருவலம் ரவி எழுதியது:

மன்னிக்கவும், ஒரு மாற்றுக் கருத்து. என் சிற்றப்பா சொரியாசிஸுக்கு வெட்பாலைத் தைலம் தடவி நன்றாகக் குணமடைந்தார். அவருக்கும் நகச்சொத்தை இருந்தது. இவ்வளவு கடுமையான மருந்துகளுக்குப் போவதற்கு முன் அதை முயன்று பார்க்கலாமே?

குடியாத்தம் தறிக்காரர் எழுதியது:

தம்பி, என் அப்பாவும் வெட்பாலைத் தைலம்தான் பூசினார். இலைகளைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைப்பார். எண்ணெய் ஊதா நிறத்துக்கு மாறும். முழங்கைத் திட்டு அடங்கியது உண்மை, நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அவருடைய விரல் நுனி மூட்டுகள் உள்ளே கரைந்துகொண்டே போயின. தோல் அடங்கியதால் நோய் அடங்கிவிட்டது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். மேலே பூசுவது தோல் வரைக்கும்தான் போகிறது. மூட்டில் அரித்த எலும்பு திரும்ப வளராது. தைலம் பூசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை; மூட்டு வீங்கியிருந்தால் தைலத்தை நம்பிக் காலம் கடத்த வேண்டாம். உங்கள் சிற்றப்பாவுக்குக் காலையில் விரல் மடக்க முடிகிறதா என்று ஒரு முறை கேளுங்கள்.

திருவலம் ரவி எழுதியது:

கேட்டேன். குதிகால் வலி என்று ஓராண்டாகச் சொல்கிறாராம். செருப்பை மாற்றச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கிறார்கள். அழைத்துப் போகிறேன்.

பொய்கை வாசகி எழுதியது:

ஒரு சிறு ஐயம். என் அம்மாவுக்கு முடக்கு வாதம். இடது பெருவிரல் நகத்தில் மட்டும், வேரிலிருந்து நுனிவரை ஒரு கரும்பழுப்புக் கோடு வந்திருக்கிறது. அதுவும் மூட்டு நோயால் வருவதா?

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

நம்மைப் போன்ற கறுத்த தோல் உள்ளவர்களுக்குப் பல நகங்களில் அப்படிப்பட்ட கோடுகள் இயல்பாகவே வரும். சில மருந்துகளாலும் வரும். ஆனால் ஒரே நகத்தில், புதிதாக வந்து, அகலமாகிக்கொண்டே போகிற கோடு, அல்லது நகத்தைத் தாண்டி அடித்தோல் மடிப்புக்குள் கறுப்பு பரவுகிற கோடு, நகத்தடியில் வரும் புற்றுநோயாக இருக்கக்கூடும். இதை மூட்டுக் கணக்கில் சேர்க்காமல் தோல் மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் காட்டுங்கள்.

காட்பாடி ஆசிரியை எழுதியது:

ஐந்து வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். நேரம் எடுத்து எழுதிய அனைவருக்கும், குறிப்பாகச் செவிலி அம்மாவுக்கும் குடியாத்தம் அண்ணனுக்கும், என் மனமார்ந்த நன்றி.

மருத்துவரிடம் போவதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை என் பெரிய அத்தையைப் பார்க்க அணைக்கட்டுக்குப் போனேன். குடும்பத்தில் யாருக்காவது செதில் உதிரும் நோய் உண்டா என்று கேட்டதும் அவர் பேச்சை மாற்றினார். இரண்டாம் முறை கேட்டபோது, உன் தந்தை வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை போட்டது ஏன் என்று உனக்குத் தெரியாதா என்று திருப்பிக் கேட்டார். எனக்குத் தெரியாது. வேலூர் வெயிலில் அவர் கடைசிவரை கையை மடித்துவிட்டு நான் பார்த்ததில்லை. அது அவருடைய கண்ணியம் என்று எண்ணியிருந்தேன். பெண் கொடுக்கல் வாங்கலுக்குத் தடையாகிவிடும் என்று என் பாட்டி சொல்லி, வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்தியிருக்கிறார்கள்.

மருத்துவரிடம் இரண்டு கைகளையும் நீட்டி, நகத்தைப் பற்றித்தான் முதலில் சொன்னேன். தந்தையின் தோல் நோயையும் சொன்னேன். குழிகளை ஒரு சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தார். என் முடியைப் பிரித்துப் பார்த்து, பின்மண்டையில் நான் பொடுகு என்று பத்தாண்டுகளாக எண்ணிவந்த திட்டு சொரியாசிஸ் என்றார். தூக்கிய நகத்திலிருந்து துண்டு எடுத்து அனுப்பினார்கள். பூஞ்சை இல்லை என்று முடிவு வந்தது. எக்ஸ்ரேயில் வலது நடுவிரல் நுனி மூட்டின் ஓரத்தில் எலும்பு அரிபடத் தொடங்கியிருக்கிறது. ஆறு மாதம் முன்பு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவர் சொன்னபோது குரலில் கடிந்துகொள்ளும் தொனி இல்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாள், அடுத்த நாள் ஃபோலிக் அமிலம் என்று எழுதித் தந்து, தவறிப்போய்த் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து என்று மூன்று முறை சொன்னார். சமையலறை நாள்காட்டியில் சனிக்கிழமைகளை மட்டும் வட்டமிட்டிருக்கிறேன். இரத்த அணுக்களையும் கல்லீரலையும் குறித்த நாளில் பார்க்க வேண்டும். விரல்கள் இன்னும் முழுமையாக மடங்கவில்லை. நகத்தைப் பொறுத்தவரை பொறுமை வேண்டும், மூட்டு தேறிய பிறகும் நகம் தேற ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும், ஏனெனில் கெட்ட நகம் வளர்ந்து வெளியேறியே தீர வேண்டும் என்றார். போதிய பலன் இல்லையென்றால் உயிரியல் ஊசி மருந்துகள் இருக்கின்றன என்றும் சொன்னார்.

பேரணாம்பட்டு வாசி எழுதியது:

ஆசிரியை அம்மாவின் பதிவைப் படித்துவிட்டு இன்று மாலை காலுறையைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு பெருவிரல் நகங்களும் தூக்கிக்கொண்டு, அடியில் மஞ்சளாகப் பொடிபோலக் குவிந்திருக்கிறது. நான் டேனரியில் எப்போதும் ரப்பர் பூட்ஸ் அணிந்துதான் வேலை செய்தேன். குரோம் என் காலைத் தொட்டதே இல்லை. என் அண்ணனுக்கும் தலையில் செதில் உண்டு.

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

பூட்ஸுக்குள் வியர்த்து ஊறிய காலில் பூஞ்சை வருவதும் மிகச் சாதாரணம், ஆகவே முடிவு கட்டிவிடாதீர்கள், துண்டு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் அண்ணனைப் பற்றியும், மணிக்கட்டு வீக்கத்தைப் பற்றியும், பூட்ஸைப் பற்றியும் மருத்துவரிடம் சேர்த்தே சொல்லுங்கள். நீங்கள் இப்போது எழுதிய நான்கு வரிகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாலே போதும். கால் நகத்தை எதுவும் தடவாமல் அப்படியே விட்டுவையுங்கள்.

காட்பாடி ஆசிரியை எழுதியது:

மூன்று மாதங்கள் ஆகிவிட்டன. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, காலை எட்டு மணிக்கு, கிழக்குச் சன்னலருகே கையை ஒரு வெள்ளைத் துணியின்மேல் வைத்து, பக்கத்தில் அளவுகோலையும் வைத்துப் புகைப்படம் எடுக்கிறேன். குதிகால் வலி பெருமளவு குறைந்துவிட்டது. காலை இறுக்கம் இருபது நிமிடங்களில் தளர்கிறது. நடுவிரல் நகம் இன்னும் நுனியில் தூக்கித்தான் இருக்கிறது, எண்ணெய்த் திட்டும் முழுவதும் போகவில்லை. ஆனால் ஆள்காட்டி விரலில், வேரிலிருந்து 7 மில்லிமீட்டர் வரை புதிதாக வந்திருக்கும் நகத்தில் இரண்டே இரண்டு குழிகள்தான் இருக்கின்றன. நேற்று ஏழாம் வகுப்பில் ஒரு சிறுமி, டீச்சர் உங்கள் நகத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். சொன்னேன். தன் பாட்டிக்கும் அப்படி இருக்கிறது என்றாள். பாட்டிக்கு மூட்டு வலிக்கிறதா என்று கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.